கோதுமை புகாத போறணை



கேக் செய்வது எங்ஙனம், பணிஸ் செய்வது எங்ஙனம் என்று கூறும் பேச்சுக்களை நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். அவையெல்லாம் பெரும்பாலும் "கோதுமை மா இத்தனை கிராம்" என்றே தொடங்கும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்த முதல் வரியை நீக்கிவிட்டுத் தொடங்குவது. கோதுமையின் ஒரு துணிக்கையும் சேராமல், அதேவேளை உண்பவர் முகம் சுளிக்காமல், கேக், பிஸ்கற், புடிங் முதலிய இனிய பண்டங்களை வீட்டிலேயே ஆக்கிக்கொள்வது எவ்வாறு என்பதனை ஆராய்வோம். இது வெறும் நாவின் விருப்பம் பற்றிய செய்தியன்று. கோதுமை ஒரு துணிக்கையும் ஆகாத மக்கள் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுட் பலர் குழந்தைகள்.

கோதுமையில் அப்படி என்னதான் உண்டு? இதனை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். ஒரு கைப்பிடி கோதுமை மாவை நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவைத்து, பின்னர் ஒரு சட்டித் தண்ணீரினுள்ளே அதனை அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். மாப்பொருள் வெண்ணிறமாகப் பிரிந்து நீரோடு போய்விடும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால், ஈற்றிலே கையில் எஞ்சுவது சாம்பல் நிறமான ஒரு சிறு திரள். அதனை இழுத்தால் இறப்பரைப் போல நீளும், விட்டால் சுருங்கும். அதுவே குளூட்டன், தமிழிலே பசையம் என்பர். இத்தாலியிலே பொலோஞா நகரத்து அறிஞரான பெக்காரி என்பவர் 1728ஆம் ஆண்டிலே இச்சோதனையைச் சபையினருக்கு எடுத்துரைத்தார். இதே சோதனையை அரிசி மாவிலே செய்து பாருங்கள். எல்லாம் நீரோடு போய்விடும். கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டால், நான் பின்னர்ச் சொல்லப்போகும் செய்முறைகள் யாவும் தாமே விளங்கும்.

பசையம் பெரும்பாலானோருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. ஆனாற் சிலருடைய உடல் அதனைப் பகையாகக் கொண்டுவிடுகிறது. சீலியக் நோய் எனப்படும் இந்நிலையிலே, உடலின் காவற்படையே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. வயிறு நிறைய உண்டும் பிள்ளை வளராது. வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், இரத்தச்சோகை, ஓயாத களைப்பு என நோய் பல வடிவங்களிலே தோன்றும். வளர்ந்தோரிலும் இது தோன்றலாம். கோதுமையில் மாத்திரமன்றி வாற்கோதுமையிலும் றை என்னும் தானியத்திலும் இத்தகைய புரதங்கள் உள்ளன. இந்நோய்க்கு இன்றளவும் கைகண்ட மருந்து ஒன்றே: பசையத்தை வாழ்நாள் முழுவதும் உணவிலிருந்து விலக்குதல்.

இதனைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1888ஆம் ஆண்டிலே இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விரித்துரைத்தார். உணவினாலேயே இது தீர வேண்டும் என்று அவர் கருதினார். மாப்பண்டங்களைக் குறைக்கவும் சொன்னார். ஒல்லாந்து நாட்டு மட்டிகளை நாள்தோறும் உண்ட குழந்தையொன்று தேறியதாகவும், மட்டிக் காலம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததாகவும் எழுதிவைத்தார். ஆயினும் குற்றவாளி கோதுமைதான் என்பது அவருக்குப் புலப்படவில்லை. அதனை நிறுவியவர் ஒல்லாந்துக் குழந்தை மருத்துவர் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 பனிக்காலத்தில், அந்நாட்டிலே பெரும் பஞ்சம் நிலவியது. பாண் கிடைப்பது அரிதாயிற்று. கோதுமையின்மேல் அவர் முன்னரே கொண்டிருந்த ஐயம் அக்காலத்தில் வலுப்பெற்றது. 1950ஆம் ஆண்டில் அவர் உத்ரெக்ற் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு ஐயத்துக்கு இடமின்றி உண்மையை வெளிப்படுத்தியது.

அங்கே பாண் அரிதாகிய அதே போர்க்காலத்தில், இங்கே பாண் பெருகத் தொடங்கியது என்பதனை எண்ணும்போது வியப்பாகவே உள்ளது. 1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நெல்லுக்குப் பஞ்சம் வந்த நாட்டிலே கோதுமை மா அடுக்களைக்குள் நுழைந்தது; பின்னர் வெளியேறவேயில்லை. இலங்கையிலே கோதுமை பயிராவதில்லை. முழுவதும் கப்பலில் வருவது. 1980ஆம் ஆண்டிலே திருகோணமலைத் துறைமுகக் கரையிலே பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியபின், அது நாட்டின் மூலை முடுக்கெல்லாம் எளிதிற் சென்று சேர்ந்தது. இன்று நம்மவர் பலகாரங்களிலே எது பழையது, எது கோதுமை வந்தபின் மாறியது என்று பிரித்தறிவதே கடினமாகிவிட்டது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நமது வடபகுதி வீடுகளிலே "அவித்த மா" என்று ஒன்றுண்டு. கோதுமை மாவைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து வைப்பார்கள். இடியப்பமும் பிட்டும் முறுக்கும் அதனாலே செய்யப்படுகின்றன. அவித்தபின் அந்த மா இழுபடாது. உதிரியாக, அரிசி மாவைப் போலவே நடந்துகொள்ளும். அதனாலே, "அவித்தால் கோதுமையின் பசை போய்விடும், ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கலாம்" என்று நல்லெண்ணத்துடன் சொல்வோர் உளர். இது பெரும் பிழை. வெப்பத்தினாற் பசையத்தின் இழுபடும் தன்மைதான் கெடுகிறது. நோயை விளைக்கும் புரதக் கூறுகள் அப்படியே இருக்கின்றன. அவித்தாலும், வறுத்தாலும், பொரித்தாலும், புளிக்கவைத்தாலும் அவை அழிவதில்லை.

யாழ்ப்பாணத்துத் தோசையிலும் உழுந்தோடு கோதுமை மாவைச் சேர்க்கும் வழக்கம் பரவலாக உண்டு. பயற்றம் பணியாரத்தின் உள்ளீடு பயறும் சர்க்கரையும் தேங்காயுமே; ஆனால் அதனைத் தோய்க்கும் மாக்கரைசல் பல வீடுகளிலே கோதுமையாக இருக்கிறது. பனங்காய்ப் பணியாரமும் அவ்வாறே. ரவையும் சேமியாவும் பெயரில் வேறாயினும் பிறப்பிலே கோதுமைதான். ஆகவே ரவைலட்டும், ரவை சேர்ந்த லவ் கேக்கும் விலக்கப்படவேண்டியவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலே பெரும்பாலும் கோதுமை மா கலக்கப்படுகிறது. சோயா சோஸ், வாற்கோதுமை முளையினால் ஆகும் மோல்ற் பானங்கள், சிலவகைப் பேக்கிங் பவுடர் என்பனவும் ஐயத்துக்குரியன. பொதியின் மேலுள்ள எழுத்தை வாசிக்காமல் எதனையும் வாங்கலாகாது. ஓட்ஸ் தன்னளவிலே வேறு தானியம். ஆயினும் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதாலே, தூய்மை உறுதிப்படுத்தப்பட்ட ஓட்சையே மருத்துவரின் ஆலோசனையுடன் கொள்ளவேண்டும்.

பாடசாலையிலே பணியாற்றும் எனக்கு இவ்விடயம் ஏட்டறிவாக வந்ததன்று. இந்நோயுடைய மாணவி ஒருத்தி எங்களிடம் கற்கிறாள். சோறும் கறியும் கொண்டுவரும் நாட்களிலே அவளுக்கும் பிறருக்கும் வேற்றுமையில்லை. பிறந்தநாள் கொண்டாட்டம், விளையாட்டுப் போட்டி, வாணி விழா, ஒளிவிழா என்று ஏதேனும் வந்துவிட்டால்தான் இடர். கேக் துண்டுகள் தட்டிலே சுற்றிவரும்போது, "எனக்குப் பசியில்லை, ரீச்சர்" என்று சொல்லப் பழகிவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கேக்கைக் கண்டு பசியில்லாமற் போகுமா? ஒரு முறை அவளுடைய தாயார், குரக்கன் கேக் ஒன்றைச் சுட்டு, வகுப்பு முழுவதற்கும் போதுமான அளவு கொண்டுவந்து வைத்தார். அன்று ஒரே தட்டிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் உண்டனர். "தனியாக ஒரு பொதி" என்பதை விட, "எல்லோருக்கும் இதுவே" என்பது அப்பிள்ளைக்கு எத்துணைப் பெரிது என்பதனை அன்று அவள் இரண்டாம் துண்டுக்குக் கைநீட்டியதிலே கண்டேன்.

இனி அடுக்களைக்குள் நுழைவோம். கோதுமை மா இத்தனை கிராம் என்ற இடத்திலே அரிசி மா இத்தனை கிராம் என்று மாற்றி எழுதிவிட்டாற் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். விளைவு, நடுவிலே குழிந்து, கத்தி பட்டதும் மணலாக உதிரும் ஒரு கேக். அத்துடன் முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். மாவை மாற்றுமுன், பசையம் அங்கே என்ன வேலை செய்தது என்று கேட்கவேண்டும். அது மூன்று வேலை செய்கிறது. மாத்துணிக்கைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. பொங்கும் வாயுவைச் சிறு சிறு குமிழிகளாகச் சிறைபிடித்து வைக்கிறது. வெந்தபின் கேக்கின் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. இம்மூன்று வேலைகளையும் செய்யும் வேறு பொருள்களைத் தேடவேண்டும். தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நமது பாட்டிமார் பசையம் என்ற பெயரையே கேளாதவர்கள், ஆயினும் பசையமின்றிச் சமைக்கும் வழிகளைக் கைவசம் வைத்திருந்தவர்கள்.

முதலாவது வழி கொதிநீர். கொழுக்கட்டைக்கு மாக் குழைப்பதை நினைத்துப் பாருங்கள். வறுத்த அரிசி மாவிலே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது உருண்டையாகத் திரளாது. கொதிநீரை ஊற்றிக் குழைத்தாற் குழைவாக வந்து, கிள்ளி வட்டமாகத் தட்டுவதற்கும் இடம் கொடுக்கும். கொதிநீரிலே மாப்பொருளின் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசைபோலாவதே காரணம். பிணைக்கும் வேலையை அப்பசை செய்கிறது. இரண்டாவது வழி உழுந்து. ஊறவைத்த உழுந்தை அரைக்கும்போது விரலிலே ஒட்டி இழுபடும் வழுவழுப்பைக் கண்டிருப்பீர்கள். உழுந்திலுள்ள புரதமும் பசைத்தன்மையுள்ள பல்சக்கரைட்டும் சேர்ந்து, புளிக்கும்போது தோன்றும் காபனீரொட்சைட்டு வாயுவை வெளியே விடாமற் பிடித்து வைக்கின்றன. இட்டலி பஞ்சுபோல் எழுவதன் மருமம் அதுதான். மூன்றாவது முட்டை. அதன் வெண்கருவை அடித்தாற் காற்றைப் பிடிக்கும். சூடேறினால் இறுகி உருவத்தைத் தாங்கும். இவற்றுக்குத் துணையாக மசித்த வாழைப்பழமும், துருவிய தேங்காய்ப்பூவும், பனங்கட்டிப் பாகும் ஈரத்தைக் காத்து உதிர்வைக் குறைக்கும்.

மா வகையிலும் நமக்குக் குறைவில்லை. சிவப்பரிசி, குரக்கன், தினை, சாமை, பயறு, உழுந்து, சோளம், மரவள்ளி, கூகைநீறு, கச்சான், மரமுந்திரிகைப் பருப்பு ஆகிய யாவும் இயல்பிலே பசையமற்றவை. புழுக்கொடியலை இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம், அடுப்பே தேவையில்லாத ஓர் இனிப்பு. பசையமற்றது என்று விலையுயர்ந்த பொதிகளிலே விற்கப்படும் பிஸ்கற்றுகளிற் பல, வெள்ளை மாப்பொருளும் சீனியும் கொழுப்புமே. சீலியக் நோயுடையோருக்கு இரும்புச்சத்தும் போலிக்கமிலமும் சுண்ணமும் குறைவுபடுவது இயல்பு. நூறு கிராம் குரக்கனிலே ஏறக்குறைய 340 மில்லிகிராம் சுண்ணம் உண்டு. பயறு புரதமும் போலிக்கமிலமும் தருவது. ஆகவே வெறும் வெள்ளையரிசி மாவோடு நின்றுவிடாமல், பாதிக்குப் பாதி குரக்கனோ சிவப்பரிசியோ பயறோ சேர்ப்பதே முறை.

புதிதாகத் தொடங்குவோர் கேக்கிலே தொடங்கவேண்டாம், பிஸ்கற்றிலே தொடங்குங்கள். பிஸ்கற் வாயிலே நொறுங்கவேண்டுமேயன்றி இழுபடக்கூடாது. ஆகவே அங்கே பசையம் இல்லாமை குறையன்று, நன்மையே. வறுத்து இடித்த பயற்றம் மா 150 கிராம், வறுத்த அரிசி மா 100 கிராம், தூளாக்கிய சீனி 100 கிராம், நெய் அல்லது பட்டர் 125 கிராம், ஏலக்காய்த்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டரையும் சீனியையும் வெண்மையாகும்வரை குழைத்து, மாக்களைச் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காயளவு உருண்டைகளாக்கிச் சற்றே தட்டையாக்குங்கள். உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் தெளிக்கலாம். 160 பாகை செல்சியசிலே இருபது நிமிடம் வெதுப்பினாற் போதும். போறணையிலிருந்து எடுத்தவுடன் தொட்டால் நொறுங்கும். தட்டிலேயே ஆறவிட்டால் தாமே இறுகும். பயற்றம் பணியாரத்தின் மணம் இந்தப் பிஸ்கற்றிலே வீசும்.

மேலே கூறிய தாயார் செய்ததற்கு ஒப்பான குரக்கன் வாழைப்பழக் கேக்கைச் சொல்கிறேன். குரக்கன் மா 100 கிராம், வறுத்த சிவப்பரிசி மா 100 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சிறிது உப்பு ஆகியவற்றை மூன்று முறை அரியுங்கள். நன்கு கனிந்த கதலி அல்லது இதரை வாழைப்பழம், தோல் நீக்கியபின் 250 கிராம், மசித்து வையுங்கள். பட்டர் 100 கிராமும் சீனி 120 கிராமும் குழைத்து, மூன்று முட்டையின் மஞ்சட்கருவையும் பழத்தையும் சேர்த்து, அதனுள்ளே மாவைக் கலந்து, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை விட்டு இருபது நிமிடம் மூடிவையுங்கள். அரிசி மாவும் குரக்கன் மாவும் மெதுவாகவே நீரை உறிஞ்சுவன. இந்த இருபது நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தாம் "நறநறக்கிறது" என்று பின்னர்க் குறைசொல்கிறார்கள். பின்பு மூன்று வெண்கருவையும் நுரைபொங்க அடித்து, மெல்லக் கலந்து, உடனே போறணைக்குள் வையுங்கள். 175 பாகையிலே நாற்பது நிமிடமளவிலே வேகும். ஈர்க்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால் மா ஒட்டாமல் வரவேண்டும். ஆழமான பெரிய தட்டு வேண்டாம். ஆழமில்லாத தட்டோ சிறு சிறு கிண்ணங்களோ நன்று. உருவத்தைத் தாங்கும் பசையம் இல்லாதபடியால் உயரமான கேக் தன் பாரத்தைத் தாங்காமல் நடுவிலே அமிழ்ந்துவிடும். இன்னொன்று: முழுவதும் ஆறியபின்பே வெட்டவேண்டும். மாப்பொருள் ஆறும்போதுதான் இறுகுகிறது.

போறணை இல்லாத வீடுகள் பல. அதனாலே மனந்தளர வேண்டியதில்லை. கனமான பெரிய சட்டியொன்றிலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு இரும்பு வளையத்தை வைத்து, மூடி, மெல்லிய நெருப்பிலே கால் மணி நேரம் சூடேற்றுங்கள். பின்னர்க் கேக் தட்டை வளையத்தின்மேல் இருத்தி மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். கீழும் மேலும் வெப்பம் பெற்று நன்றாக வேகும். தணல் இல்லாவிடின் மேற்புறம் வெளிறியிருக்கும், சுவைக்குக் குறைவில்லை.

நமது நாட்டிலே வழங்கும் போறணைப் பண்டம் ஒன்றுண்டு. சிங்கள மக்கள் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும் செய்யும் பிபிக்கான் என்னும் தேங்காய்க் கேக் அது. சிலர் ரவை சேர்ப்பர். வறுத்த அரிசி மாவினாலேயே செய்யும் முறையும் உண்டு. நமக்கு வேண்டியது பின்னையது. கித்துள் கருப்பட்டி அல்லது பனங்கட்டி 300 கிராமை முக்காற் கோப்பை நீரிலே கரைத்து வடித்துக் கொதிக்கவையுங்கள். ஒரு பெரிய தேங்காயின் பூவை அதிலே இட்டுப் பாகு சுண்டும்வரை கிளறி, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணியுமுன்னரே வறுத்த சிவப்பரிசி மா 250 கிராமைச் சேர்த்துக் கிளறுங்கள். கொழுக்கட்டைக்குச் சொன்ன அதே முறைதான் இங்கேயும்: சூடான பாகு மாவைப் பிணைக்கிறது. ஒரு கோப்பை முதற்பால் விட்டு இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஏலம், கராம்பு, பெருஞ்சீரகத்தூள், முந்திரிகை வற்றல், மரமுந்திரிகைப் பருப்பு ஆகியவற்றைக் கலந்து, 170 பாகையிலே முக்கால் மணி நேரமளவு வெதுப்புங்கள். மறுநாள் உண்டால் முதல்நாளிலும் சுவையாயிருக்கும் கேக்குகளிலே இதுவொன்று. என் கருத்திலே, கோதுமைக் கேக்கைப் போலி செய்யும் எந்த முயற்சியிலும் இது மேலானது. ஏனெனில் இது எதனையும் போலி செய்யவில்லை.

மாவே வேண்டாத இனிப்பு வட்டிலப்பம். மலாய் மக்கள் வழியாக வந்து, நோன்புப் பெருநாளில் முஸ்லிம் வீடுகளிலிருந்து அயலவர் வீடுகளுக்கெல்லாம் செல்லும் பண்டம். ஐந்து முட்டை, கருப்பட்டி 250 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர், ஏலம், சாதிக்காய். கருப்பட்டியைப் பாலிலே கரைத்து வடித்து, அடித்த முட்டையோடு சேர்த்து, நுரை எழுப்பாமற் கலந்து, கிண்ணங்களிலே ஊற்றி ஆவியில் அவிக்கலாம்; அல்லது சுடுநீர் நிரப்பிய தட்டிலே கிண்ணங்களை இருத்தி 160 பாகையிலே வெதுப்பலாம். நெருப்பு மிஞ்சினால் ஓட்டை ஓட்டையாகிவிடும். அவ்வளவே.

முட்டை சேர்க்காத சைவ வீடுகளுக்கு உழுந்துதான் உற்ற துணை. பச்சையரிசி இரண்டு சுண்டு, உழுந்து அரைச் சுண்டு. தனித்தனியே நான்கு மணி நேரம் ஊறவைத்து, உழுந்தை நுரைபொங்கவும் அரிசியை நெகிழ்வாகாமலும் அரைத்துக் கலந்து, இரவு முழுவதும் புளிக்க விடுங்கள். காலையிலே சீவிய பனங்கட்டி ஒரு சுண்டு, முதற்பால் கால் சுண்டு, ஏலக்காய், சிறிது உப்பு சேர்த்து, நெய் பூசிய ஆழமற்ற தட்டிலே பாதியளவு ஊற்றி ஆவியில் அவியுங்கள். வெந்தபின் போறணையிலோ தணல் மூடியின் கீழோ பத்து நிமிடம் வைத்தால் மேற்புறம் சிவந்து கேக்கின் தோற்றம் பெறும். பனங்கட்டி இளகி மாவை நீர்க்கச் செய்யும்; ஆதலாலேதான் மாவைக் கெட்டியாக அரைக்கச் சொன்னேன்.

பாணைப்பற்றிக் கேட்பீர்கள். பாணின் உயிரே பசையம்தான். இசப்புக்கோல் உமியை நீரில் ஊறவைத்துச் சேர்த்து ஓரளவு பாண் போன்ற ஒன்றைச் செய்யலாம். ஆயினும் தொடக்கத்திலேயே அதில் இறங்கி அலுத்துப்போக வேண்டாம். அப்பமும் இடியப்பமும் பிட்டும் அரிசி மாவிலே செய்யத் தெரிந்த நமக்குக் காலை உணவுக்குப் பாண் இன்றியமையாததன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை ஏறியபோது, பல வீடுகள் வேறு வழியின்றி இதனை மீண்டும் கற்றுக்கொண்டன.

பண்டம் எத்துணைத் தூய்மையான பொருளாற் செய்யப்பட்டாலும், பாத்திரம் கெடுத்துவிடலாம். பசையமற்றது என்று சொல்லப்படும் உணவிலே ஒரு கிலோகிராமுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற் பசையம் இருத்தலாகாது என்பது உலகளாவிய உணவு விதி. இருபது மில்லிகிராம் என்பது நகத்தின் நுனியிலே ஒட்டும் அளவு. கோதுமை மா அரித்த அரிதட்டின் கண்களிலே அதனினும் மிகுதியாக ஒட்டியிருக்கும். ஆகவே அரிதட்டு, மரக்கரண்டி, பலகை, இடியப்ப உரல் ஆகியவற்றை அப்பிள்ளைக்கெனத் தனியாக வைத்தல் வேண்டும். கோதுமை மாப் பண்டம் பொரித்த எண்ணெயிலே மீண்டும் பொரித்தலாகாது. ஊரிலுள்ள மா ஆலைகளிலே ஒருவருடைய கோதுமைக்குப் பின் மற்றொருவருடைய அரிசி அதே இயந்திரத்திலே அரைபடுகிறது. இயலுமாயின் அரிசியை வீட்டிலேயே இடித்தோ சிறு அரைக்கும் பொறியில் அரைத்தோ கொள்ளுங்கள். ஒரே நாளிலே இருவகைப் பண்டமும் செய்வதாயின், பசையமற்றதை முதலிலே செய்து மூடிவைத்துவிட்டு, அதன்பின்பே கோதுமைப் பொதியை அவிழுங்கள். காற்றிலே பறந்த மா சிறிது நேரம் சென்றே படியும்.

அண்மைக்காலத்திலே, நோய் ஏதுமில்லாதோரும் கோதுமையை விலக்கினால் உடல் மெலியும், அழகு கூடும் என்று சொல்லித் திரிகின்றனர். அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. சீனியும் பட்டரும் சேர்ந்த கேக், எந்த மாவினாற் செய்தாலும் கேக்தான். என் கவலை வேறொன்று. பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு என்றதும், மருத்துவரைக் காணுமுன்னரே கோதுமையை நிறுத்திவிடும் பெற்றோர் உளர். சீலியக் நோயைக் கண்டறிவதற்கு இரத்தத்திலே சில பிறபொருளெதிரிகளைத் தேடுவர். தேவையாயின் சிறுகுடலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பர். கோதுமையை முன்னரே நிறுத்திவிட்டால் இவ்விரண்டும் நோயில்லை என்று பொய்ச்சான்று சொல்லக்கூடும். ஆதலால், முதலிற் சோதனை, பின்னர் விலக்கு.

செய்த பண்டங்களை வைத்துண்பது பற்றி ஒரு வார்த்தை. அரிசி மாக் கேக் கோதுமைக் கேக்கிலும் விரைவாக இறுகும். குளிர்ப்பெட்டியினுள்ளே வைத்தால் இன்னும் விரைவாக இறுகும். துண்டுகளாக வெட்டி எண்ணெய்த்தாளிற் சுற்றி உறைபெட்டியிலே வைத்து, வேண்டும்போது ஒரு துண்டை எடுத்து இட்டலிச் சட்டியிலே சில நிமிடம் ஆவி காட்டினால் மீண்டும் மெதுமையாகும். பாடசாலைக்குக் கொடுத்தனுப்புவதாயின், மூடியுள்ள தனிப் பெட்டியிலே, அப்பெட்டிக்கென்றே ஒரு கரண்டியுடன் அனுப்புங்கள். கொண்டாட்டம் என்று அறிந்தால் வகுப்பாசிரியருக்கு முதல்நாளே சொல்லிவைத்து, இருபது துண்டு கூடுதலாகவும் அனுப்புங்கள்.